சிக்குன்குனியா வந்த ஆண்டு: உங்கள் வீட்டில் எப்படி?

திண்டுக்கல்லிலிருந்து:
2006-இல் எங்கள் தெருவில் முதலில் விழுந்தவர் பால்காரர். முந்தின நாள் மாலை நன்றாக இருந்தார். விடிந்தபோது செம்பைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. அடுத்த சில நாட்களில் வீட்டுக்கு இருவராவது படுத்துவிட்டோம். காய்ச்சல் சீக்கிரம் விட்டது, கணுக்கால்தான் விடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன். இரவில் கொசுவலை கட்டிப் படுத்தோம். கடித்த ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது, எங்கள் சிமெண்ட் தொட்டியிலேயே பிறந்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம் என்று அரசு கணக்குச் சொன்னது. எங்கள் தெருவில் ஒருவர்கூட ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. அந்தக் கணக்கில் நாங்கள் உண்டா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

வேலூரிலிருந்து:
புதுக் காய்ச்சல் என்றார்கள், ஆனால் 1964-இல் சென்னையிலும் வேலூரிலும் இது வந்து போயிருக்கிறது. அம்மா அப்போது இங்கே பள்ளி மாணவி, காய்ச்சலில் கிடந்தவர். 2006-இல் வீடே படுத்திருக்க, அவர் மட்டும் எல்லோருக்கும் கஞ்சி வைத்துக்கொண்டு நடமாடினார். ஒருமுறை வந்தால் நெடுங்காலம் எதிர்ப்புச் சக்தி இருக்கும் என்கிறார்கள். ஒருவரை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் 1973-இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் பரவிய பிறகு 2005 வரை இந்தியாவில் இது பெரிதாகத் தலைகாட்டவில்லை. இடையில் பிறந்த எங்களுக்கு அந்தக் காப்பு எங்கிருந்து வரும்?

குலசேகரத்திலிருந்து:
தொட்டியை மட்டும் குறை சொல்லாதீர்கள். 2007-இல் கேரளத்தில் பத்தனம்திட்டா பக்கம் ரப்பர் பால் வெட்டப் போயிருந்தேன். மழையில் வெட்டு நின்றால், மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கூலி இல்லாத நாளில் அதை யார் செய்வார்கள்? தோட்டம் முழுக்க மரத்துக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர். அங்கே கடித்தது ஏடிஸ் அல்போபிக்டஸ், தோப்பும் தோட்டமுமாக வாழும் கொசு. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் இந்தக் காய்ச்சல் பரவியபோது வைரஸில் நேர்ந்த ஒரு சிறு மாற்றம் இந்தக் கொசுவின் உடலில் அது எளிதாகப் பெருக வழிசெய்தது. 2007-இல் கேரளத்திலும் அதே மாற்றத்தைக் கண்டார்கள். எனக்குக் கத்தி பிடிக்கும் மணிக்கட்டு போயிற்று, அந்தப் பருவத்துக் கூலியும் போயிற்று. முதலாளி நாங்கள் சோம்பேறிகள் என்றார், அவரும் படுக்கும்வரை.

திண்டுக்கல்காரரே, கணுக்கால் முழுவதும் சரியாயிற்றா? எனக்குக் குளிர்காலத்தில் மணிக்கட்டு இன்னும் இறுகுகிறது.