உதவி: வால்வு ஆம்ப்புடன் சப்வூஃபர் இணைத்ததும் ஹம்

வடபழனிவாசி
வீட்டில் ஈ.எல்.34 வால்வு போட்ட இன்டகிரேட்டட் ஆம்ப், சேனலுக்குச் சுமார் 30 வாட். 8 ஓம் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள். குரலும் வயலினும் உருகும். தவிலோ பேஸ் கிட்டாரோ வந்தால் மட்டும் அடியில் ஒன்றும் இல்லை.

அதற்காகப் பவர்டு சப்வூஃபர் (சொந்த ஆம்ப் உள்ள, பேஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) இரண்டு சேர்க்கப் பார்க்கிறேன். ஒன்று புதியது, பின்னால் ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் டெர்மினல் சிக்னலை நேரே வாங்குவது) உண்டு. மற்றொன்று பழையது, இடது வலது ஆர்.சி.ஏ. சாக்கெட் (குறைந்த வோல்ட் சிக்னலுக்கானது) மட்டும்தான். ஆம்ப்பில் அப்படிச் சிக்னல் எடுக்க சப் அவுட், ப்ரீ அவுட் எதுவும் கிடையாது.

புதியதை ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து எடுத்து இணைத்தேன். பாட்டே போடாமல் ‘உம்ம்ம்’ என்று ஹம். ஆம்ப் வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் அதே அளவுதான். ஒயரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. இப்படி எடுப்பதால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஏதாவது ஆகுமா? பழைய சப்பை என்ன செய்வது? அறை 10க்கு 12 அடி, அபார்ட்மென்ட்.

பழையரேடியோ
டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்றும் ஆகாது சார். ஹை லெவல் இன்புட்டின் இம்பீடன்ஸ் (மின்தடை மாதிரி) கிலோ ஓம் கணக்கில் இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அது இருப்பதே ஆம்ப்புக்குத் தெரியாது. மின்னோட்டம் மிகக் குறைவு, மெல்லிய ஒயரே போதும். ஸ்பீக்கர் ஆம்ப்பின் எந்த டேப்பில் (ஓம் குறித்த முனையில்) இருக்கிறதோ அதே டேப்பில் மாட்டுங்கள்.

ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள்: சப் மாட்டியிருக்கிறதே என்று ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டிவிடாதீர்கள். சப்பை லோடாகக் கணக்கில் எடுக்கவே முடியாது. லோடு இல்லாத வால்வு ஆம்ப்பில் சத்தத்தை ஏற்றினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கறுப்பு ஒயரை மாட்டும் முன் ஒரு சோதனை. ஆம்ப்பை அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, ஸ்பீக்கரையும் கழற்றி, இடது மைனஸுக்கும் வலது மைனஸுக்கும் மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி (இரண்டும் உள்ளே இணைந்திருக்கிறதா என்று) பாருங்கள். பெரும்பாலான வால்வு ஆம்ப்பில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் தயாரித்தவரிடம் கேட்காமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

குறுக்குவழி
ஹம் எர்த்தால்தான் வருகிறது. சப் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிடுங்கள், வேலை முடிந்தது. என் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

பழையரேடியோ
தம்பி, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். ஈ.எல்.34 ஆம்ப்புக்குள் 400 வோல்ட் டி.சி. ஓடுகிறது. உள்ளே ஏதாவது பழுதாகி அது உலோகச் சேஸிஸைத் தொட்டால் எர்த்தைத் தவிர வேறு காவல் இல்லை. ஹம் போக எர்த்தை வெட்டுவது வைத்தியமே இல்லை.

வடபழனி சார், மூன்று விஷயம் சொல்லுங்கள். ஆம்ப்பும் சப்பும் ஒரே பிளக் பாயின்டிலா? ஆம்ப்பின் பிளக் எப்படி? டி.வி. ஆம்ப்போடு இணைந்திருக்கிறதா?

வடபழனிவாசி
கன்டின்யூட்டி வந்தது. சப் எதிர்ச்சுவர்ப் பாயின்டில், மூன்று பின். ஆம்ப்புக்கும் மூன்று பின்தான். ஆனால் அது மாட்டியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பழையது, இரண்டு பின்னோடு முடிகிறது. டி.வி.யிலிருந்து ஆம்ப்புக்கு ஆர்.சி.ஏ. ஒயர் வருகிறது. செட்டாப் பாக்ஸுக்கு மொட்டை மாடி வழியாகக் கேபிள்.

பழையரேடியோ
அங்கேதான் இருக்கிறது. கேபிள் ஒயரின் வெளிப்பின்னல் வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும். அது செட்டாப் பாக்ஸ், டி.வி., ஆம்ப் என்று வந்து சேர்கிறது. இத்தனை நாள் ஆம்ப்புக்கு எர்த்தே இல்லாததால் வட்டம் பூர்த்தியாகவில்லை. எர்த் உள்ள சப் வந்ததும் பூர்த்தியாகிவிட்டது. செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிளை மட்டும் கழற்றிப் பாருங்கள்.

வடபழனிவாசி
கழற்றினேன். சட்டென்று நின்றுவிட்டது! திரும்ப முனை தொட்டதும் ‘உம்ம்ம்’.

பழையரேடியோ
சரி. முதல் வேலை, அந்த எக்ஸ்டென்ஷனைத் தூக்கிப் போடுங்கள். எர்த் சரியாக உள்ள ஒரே ஸ்பைக் பஸ்டரில் ஆம்ப்பையும் சப்பையும் மாட்டுங்கள். அப்புறம் டி.வி.யில் ஆப்டிகல் அவுட் இருந்தால், சின்ன டி.ஏ.சி. (டிஜிட்டலை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) ஒன்று வாங்கி அதன் வழியாக ஆம்ப்புக்குக் கொடுங்கள். ஒளியில் எர்த் பயணம் செய்யாது.

சால்டர்புகை
பழைய சப்புக்கு நான் சொல்கிறேன். 30 வாட், 8 ஓம் என்றால் டெர்மினலில் சுமார் 15.5 வோல்ட். அதை நேரே ஆர்.சி.ஏ.வில் கொடுக்கக் கூடாது. பிளஸிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து மைனஸுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். இரண்டும் சேரும் இடத்தில் எடுத்தால் உச்சத்தில்கூட 1.4 வோல்ட்டுக்குள் நிற்கும். சேனலுக்கு ஒரு ஜோடி. சப்பில் ‘எல்.எஃப்.இ.’ என்று தனிச் சாக்கெட் இருந்தால் அதில் மாட்டாதீர்கள், பெரும்பாலும் அது சப்பின் கிராஸ்ஓவரை (பேஸை மட்டும் பிரித்தெடுக்கும் பகுதியை) தாண்டிப் போய்விடும்.

மயிலைகேட்பான்
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது தனி வால்வு ப்ரீ ஆம்ப், அவுட்புட் இரண்டு ஜோடி. ஒன்றைச் சப்பின் ஆர்.சி.ஏ.வில் மாட்டியதும் மெயின் ஸ்பீக்கரிலேயே பேஸ் மெலிந்துவிட்டது. மனப்பிரமையா?

சால்டர்புகை
பிரமை இல்லை. இரண்டு ஜோடியும் உள்ளே ஒன்றாகவே இணைந்திருக்கும். வெளியேறும் வழியில் ஒரு கப்ளிங் கெப்பாசிட்டர் (டி.சி.யைத் தடுத்துப் பாட்டை மட்டும் விடுவது) இருக்கும். அது 0.47 மைக்ரோ ஃபேரட் என்று வையுங்கள். எதிரே பவர் ஆம்ப்பின் 100 கிலோ ஓம் மட்டும் இருந்தால் 3.4 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் பேஸை வெட்டும். 10 கிலோ ஓம் சப் சேர்ந்தால் அந்த வெட்டு 37 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். நீங்களும் ஸ்பீக்கர் டெர்மினலுக்கே மாறுங்கள்.

வடபழனிவாசி
ஸ்பைக் பஸ்டர், ஆப்டிகல் இரண்டும் ஆயிற்று. காதை உரசி வைத்தால்தான் ஏதோ கேட்கிறது. ஆனால் சப்பை மூலையில் வைத்தால் ஒரு சுரம் மட்டும் முழங்குகிறது. கீழ்வீட்டு மாமி ஏற்கெனவே ஒருமுறை மேலே வந்துவிட்டார்.

பழையரேடியோ
12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ் பக்கம் அறையே கூடப் பாடும். மூலையில் அது இன்னும் ஏறும். சப்பை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் உள்ள பாட்டை ஓடவிட்டு, சுவரோரம் தவழ்ந்து பாருங்கள். எங்கே சுரங்கள் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். இரண்டு சப்பும் வந்தபின் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்தும் பார்க்கலாம். கிராஸ்ஓவர் 55 ஹெர்ட்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். ஃபேஸ் சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தால் உங்கள் நாற்காலியில் பேஸ் கனமாக இருக்கிறதோ அதுவே சரி. மாமிக்கு வால்யூம் ஒன்றுதான் மருந்து, அடியில் ரப்பர் வைத்தெல்லாம் காற்றில் போகும் பேஸை நிறுத்த முடியாது.

வடபழனிவாசி
சோபாவுக்குப் பக்கவாட்டில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. தவிலின் இடந்தலை இப்போதுதான் கேட்கிறது. ரெசிஸ்டர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போகிறேன். அரை வாட் போதுமா, பெரிதாக வாங்கவா?

சால்டர்புகை
முழுச் சத்தத்திலும் 0.02 வாட்தான் வரும். கால் வாட்டே தாராளம். கூடவே ஹீட் ஷ்ரிங்க் டியூபும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள், திறந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது.