சீன முறையில் பாகு பூசிய முழுக் கோழியைக் கரி கிரிலில் சுழற்றிச் சுடுவது பற்றி

நாகலூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு ஏற்காட்டில் நாகலூர் செல்லும் வழியில் இருக்கிறது. பின்கட்டில் மூடி போட்ட கரி கிரில் அடுப்பு ஒன்று உண்டு; அதில் பொருத்துவதற்கான சுழல் கம்பியும் மோட்டாரும் இப்போதுதான் வந்து சேர்ந்தன. காணும் பொங்கலன்று சேலத்திலிருந்து உறவினர்கள் மேலே வருகிறார்கள். கான்டனீஸ் (தென்சீன) உணவகங்களின் கண்ணாடிக்குப் பின்னால் கொக்கியில் தொங்குமே, செம்பழுப்பு நிறத்தில் மெருகேறிய கோழி, அதைப் போன்ற ஒன்றை அவர்களுக்குச் சுட்டுக் கொடுக்க விரும்புகிறேன்.

செய்முறைகள் பலவற்றைப் படித்த பிறகும் சில ஐயங்கள் தீரவில்லை. மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பிசுபிசுப்பான மால்டோஸ் பாகு பூச வேண்டும் என்கிறார்கள். அது எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதில்லை என்பதால் தேனையோ வெல்லத்தையோ பயன்படுத்தலாமா? பாகைத் தொடக்கத்திலேயே பூசுவதா, இறுதியில் பூசுவதா என்பதில் செய்முறைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. தோலை ஓர் இரவு காற்றாட உலர்த்தச் சொல்கிறார்கள். தை மாத மூடுபனியில் துணியே உலராத ஊரில் கோழித் தோல் எப்படி உலரும்? ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால், கோழி வேகக் கூடுதல் நேரம் பிடிக்குமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:

நண்பருக்கு வணக்கம். பாகைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். நெருப்பைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஒரு பாகு எப்போது கருகும் என்பதை அதில் உள்ள சர்க்கரையின் வகைதான் தீர்மானிக்கிறது. தேனில் பிரக்டோஸ் மிகுதி. அது 110 டிகிரி அளவிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். வெல்லத்தின் பெரும்பகுதியான சுக்ரோஸ் 160 டிகிரி வரையிலும், மால்டோஸ் 180 டிகிரி வரையிலும் தாக்குப்பிடிக்கும். கனலுக்கு மேலே சுற்றும் கோழியில் தேனைத் தடவினால் நிறம் வந்த சற்று நேரத்திலேயே கசப்பும் வந்துவிடுவதற்கு இதுவே காரணம். மால்டோஸின் இனிப்பும் சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைவு என்பதால், கெட்டியாகப் பூசினாலும் திகட்டுவதில்லை. முளைகட்டிய தானியத்தைக் கொண்டு வெந்த அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்து, வடித்துக் காய்ச்சுவது அதன் பழைய செய்முறை.

எனவே அதற்கு மிக நெருங்கிய மாற்று, கேக் செய்யும் பொருட்களை விற்கும் கடைகளில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ்தான். அதுவும் மாவுச்சத்தை உடைத்து எடுப்பதே. குளுக்கோஸுடன் மால்டோஸும் நீண்ட சங்கிலிச் சர்க்கரைகளும் கலந்திருப்பதால், அதே பிசுபிசுப்பும் பளபளப்பும் வருகின்றன. மரவள்ளி மாவும் ஜவ்வரிசியும் குவிந்து கிடக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு மாவுச்சத்துப் பாகுக்காக ஹாங்காங்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெல்லத்தை முழு மாற்றாக அல்லாமல் மணத்துக்காகச் சிறிதளவு சேர்க்கலாம். பளீரென்ற மஞ்சள் வெல்லத்தை விடுத்துக் கருமையான வெல்லமாக எடுத்து, கரைத்து வடிகட்டுங்கள்.

ஒன்றரை கிலோ கோழிக்கு நான்கு மேசைக்கரண்டி லிக்விட் குளுக்கோஸ், ஒரு மேசைக்கரண்டி வெல்லக் கரைசல், இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஹாய்சின் சாஸும் (சோயாவில் செய்யும் இனிப்பான கெட்டிச் சீன சாஸ்) வினிகரும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, சிறிது இஞ்சிச் சாறு ஆகியவற்றைக் கலந்து, கரண்டியின் முதுகில் படியும் பதம் வரும்வரை சிறு தீயில் காய்ச்சினால் போதும். சீனர்களின் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து எடுப்பது. நமது நல்லெண்ணெயில் அந்த மணம் இராது. ஆகவே ஒரு தேக்கரண்டி எள்ளைப் பொன்னிறமாக வறுத்து இடித்துப் பாகில் சேர்த்துவிடுங்கள். பரிமாறுவதற்கான பாகை முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். கோழியில் தோய்ந்த தூரிகை அந்தக் கிண்ணத்துக்குள் போகக் கூடாது.

அஸ்தம்பட்டி அடுக்களை:

மேலே ஐயா எழுதிய பாகு நல்ல பாகுதான். ஆனால் அதைப் பூசுவது கடைசி இருபது நிமிட வேலை. அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் நெருப்பு சரியாக இல்லாவிட்டால் எந்தப் பாகும் கோழியைக் காப்பாற்றாது.

கனலை நேராகக் கோழிக்கு அடியில் வைக்காதீர்கள். கம்பிக்கு முன்புறம் ஒரு வரிசையும் பின்புறம் ஒரு வரிசையுமாகக் கரியை ஒதுக்கி, நடுவில் சிறிது தண்ணீர் ஊற்றிய தட்டை வையுங்கள். கொழுப்பு அந்தத் தட்டில் சொட்டும். அது கனலில் விழுந்து தீப்பிடிக்காது; தோலில் கரும்புகையும் படியாது. கொட்டாங்கச்சிக் கரி நல்ல சூட்டுடன் எரியும். சீமைக் கருவேலங் கரியை அடிப்படையாக வைத்து, சூடு குறையும்போது கொட்டாங்கச்சிக் கரியை ஓரத்தில் சேர்த்துக்கொள்வது எனக்குப் பிடித்த முறை. மூடிய கிரிலின் உட்சூடு 160 முதல் 180 டிகிரிக்குள் இருந்தால், ஒன்றரை கிலோ கோழி ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் வெந்துவிடும்.

உயரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குழம்பில் கோழி வேகும் வேகத்தைக் கொதிநீரின் சூடு கட்டுப்படுத்துகிறது; கிரிலுக்குள் கோழியை வேகவைப்பவை சூடான காற்றும் கனலின் கதிர்வீச்சும். உங்கள் ஊரில் நேரத்தை நீட்டிப்பவை குளிர்காற்றும், பார்க்கும் ஆசையில் மூடியைத் திறந்துகொண்டே இருப்பதும்தான். கடிகாரத்தைவிட வெப்பமானியை நம்புங்கள். நெஞ்சுக் கறியின் தடித்த பகுதி 65 டிகிரியைத் தொட்டதும் முதல் பூச்சு. பிறகு ஐந்து நிமிட இடைவெளியில் மெல்லியதாக இன்னும் இரண்டு பூச்சுகள். எலும்பில் படாமல் தொடையில் குத்திப் பார்க்கும்போதும் 74 டிகிரிக்குக் குறையாமல் காட்டினால் இறக்கலாம். இறக்கிப் பத்து நிமிடம் கழித்தே வெட்ட வேண்டும்.

அழகாபுரம் அம்மா:

இருவரும் எழுதியவற்றோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆயினும் பாகை இறுதியில் மட்டுமே பூச வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. செய்முறைகள் முரண்படுவதாக நாகலூர் நண்பர் எழுதியிருக்கிறார். அவை இரு வேறு பூச்சுகளைப் பற்றிப் பேசுகின்றன என்பதே என் கருத்து.

முதலாவது, உலர்த்துவதற்கு முன் தோலில் பூசும் நீர்த்த கரைசல். கோழியின் மேல் கொதிநீரை மூன்று நான்கு முறை அகப்பையால் ஊற்றினால் தோல் இறுகும். உங்கள் ஊரின் 95 டிகிரியும் அதற்குத் தாராளம். ஈரத்தை ஒற்றிய பின், ஒரு மேசைக்கரண்டி லிக்விட் குளுக்கோஸையும் அதே அளவு வினிகரையும் மூன்று மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து மெல்லியதாகத் தடவி உலரவிட வேண்டும். நெருப்பு பக்கவாட்டில் இருக்கும்வரை இவ்வளவு மெல்லிய படலம் எளிதில் கருகாது. நிறம் சீராக ஏற அதுவே அடித்தளம். இறுதியில் பூசும் கெட்டிப் பாகு அதன் மேல் அமர்கிறது.

உலர்த்துவதற்கு மூடுபனியில் கோழியைத் தொங்கவிட வேண்டாம். பனிக்கட்டி படியாத வகைக் குளிர்சாதனப் பெட்டியின் உட்காற்று வறண்டது. மூடாமல் கீழ்த்தட்டில், கம்பி வலையின் மேல் ஓர் இரவு வைத்தால் தோல் தொட்டால் காகிதம் போல் ஆகிவிடும்.

உப்பையும் ஐந்து மசாலாத் தூளையும் தோலில் அல்லாமல் வயிற்றுக்குள் தடவுங்கள். கடைத் தூள் கிடைக்காவிட்டால் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு ஆகியவற்றை அரைத்து, சிச்சுவான் மிளகுக்கு ஈடாகச் சேர்வராயன் மலை மிளகையே சிறிது சேர்க்கலாம். நாக்கு மரத்துப்போகும் அந்த உணர்வு மட்டும் இராது.

பளபளப்பும் மொறுமொறுப்பும் ஒரே கோழியில் முழுமையாகக் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாகின் ஈரம் சிறிது நேரத்தில் தோலை இளக்கிவிடும். மொறுமொறுப்பு வேண்டும் என்றால் ஒரே ஒரு பூச்சோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பாகைத் தொட்டுக்கொள்ளக் கொடுங்கள். உறவினர்கள் கண்ணால் பார்த்து வியக்க வேண்டும் என்றால் மூன்று பூச்சுகள். நான் ஒரு பூச்சின் பக்கம்தான்.

நாகலூர்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் நானும் ஒரு பூச்சோடு நிறுத்திக்கொள்கிறேன். நாட்டுக்கோழியில் இதைச் செய்யலாமா? சுட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது?

அஸ்தம்பட்டி அடுக்களை:

நாட்டுக்கோழி வேண்டாம். முற்றிய கோழியின் தசை மிருதுவாவதற்கு ஈரத்தில் நெடுநேரம் வேக வேண்டும். சுழல் கம்பியில் அது வறண்டு போகும். பிராய்லரிலேயே ஒன்றரை கிலோ அளவில், வெட்டாமல், தோலோடு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கேட்காவிட்டால் பல கடைகளில் தோலை உரித்துத்தான் கொடுப்பார்கள். மஞ்சள் தடவ வேண்டாம் என்றும் சொல்லுங்கள், இல்லையேல் செம்பழுப்பு நிறம் தெளிவாக வராது.

கோழியின் இறக்கைகளையும் கால்களையும் பருத்தி நூலால் உடலோடு இறுகக் கட்டி, கம்பியில் கோத்த பின் இரு உள்ளங்கைகளிலும் கம்பியை உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கமே எப்போதும் கீழே இறங்கினால் கோத்தது நடுவில் இல்லை என்று பொருள், மோட்டாரும் திணறும். கூடுதல் கம்பி செய்வதானால் எவர்சில்வரில் செய்யச் சொல்லுங்கள். துத்தநாகம் பூசிய கம்பி உணவுக்கு ஆகாது. மின்சாரம் நின்றால் கம்பியின் முனையைத் துணியால் பிடித்து, ஓரிரு நிமிடங்களுக்கு ஒருமுறை கால் சுற்றாகக் கையால் திருப்பி விடுங்கள். பாகு பூசிய பிறகு நின்றுவிட்டால் மட்டும், முன் வரிசைக் கனலை உடனே விலக்கிவிட வேண்டும்.