வீட்டுக்கல்வி: 14 வயதுப் பிள்ளைக்குத் தமிழ் எழுதப் பழக எந்தப் புத்தகம்?

வைகைக்கரை:
மகளுக்கு 14 வயது. என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்பில் தமிழும் எடுக்கிறாள். நன்றாகப் பேசுவாள், மெதுவாக வாசிப்பாள். எழுதச் சொன்னால் பாதி பேச்சுத் தமிழாக வருகிறது. ர-ற, ந-ன-ண எல்லாம் குழப்பம். என்.ஐ.ஓ.எஸ். பாடநூல் மட்டும் போதுமா, தனியாக இலக்கணப் புத்தகம் வாங்கணுமா?

எழுதுகோல்:
பாடநூல் (தமிழ், பாடக் குறியீடு 237) அவர்கள் இணையதளத்திலேயே பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். தேர்வுக்கு அது போதும். எழுதப் பழகுவதற்குத் தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள்தான் நல்லது, அவையும் இலவசம். ஆனால் வயதைப் பார்த்து ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்காதீர்கள். ஆறாம் வகுப்பு உரைநடையிலிருந்து 60 சொற்களைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஆறுக்கு மேல் பிழை வந்தால் ஒரு வகுப்பு கீழே போங்கள். ஓரிரண்டுதான் என்றால் மேலே. எழுதியதைப் பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு அவளே திருத்தட்டும்.

இலக்கணப் புத்தகம் இப்போது வேண்டாம். நூற்பாவை மனப்பாடம் செய்த பிள்ளைகளும் கட்டுரையில் ப் இல்லாமல் 'கடைக்கு போனான்' என்றுதான் எழுதுகிறார்கள்.

நெடில்குறில்:
எழுத்துக் குழப்பத்தில் பாதிக்கு விதி உண்டு. சொல்லின் நடுவில் ட-வுக்கு முன் ண் (வண்டி), ற-வுக்கு முன் ன் (கன்று), த-வுக்கு முன் ந் (பந்து). சொல் தொடக்கத்தில் ந மட்டும்தான். ன, ண வராது. இதை ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம். கரை-கறை, இரங்கு-இறங்கு போன்றவற்றுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. சொற்றொடரில் வைத்து எழுதி எழுதித்தான் பழகணும்.

சந்தியில் (இரு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் மிகுவது) மூன்றே இடம் முதலில்: ஐ உருபுக்குப் பின் (பாடத்தைப் படி), கு உருபுக்குப் பின் (கடைக்குப் போ), அந்த-இந்த-எந்த (அந்தப் பையன்). அடுத்து வருவது க, ச, த, ப ஆக இருந்தால்தான் மிகும். இவை கைவந்த பிறகு மற்றவை. ஒரு கட்டுரையில் இரண்டு வகைப் பிழைக்கு மேல் சிவப்பு மை போடாதீர்கள்; தாள் முழுக்கச் சிவந்தால் அடுத்த முறை ஐந்து வரியோடு நிறுத்திவிடுவாள்.

வைகைக்கரை:
நன்றி. பேச்சுத் தமிழ் கலப்புக்கு என்ன செய்வது? செல்பேசியில் தட்டச்சு செய்து பழகலாமா?

எழுதுகோல்:
கலப்பு போக, அவள் வாயால் சொல்வதைப் பதிவு செய்து அப்படியே எழுதச் சொல்லுங்கள். 'வந்துட்டு இருக்காங்க' என்றே இருக்கட்டும். அடுத்த நாள் அதே பத்தியை 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என மாற்றட்டும். வினைமுற்றில்தான் கலப்பு அதிகம். அதை மட்டும் அடிக்கோடிடச் சொன்னால் போதும். 'மாணவர்கள் வந்தது' போல எழுவாயும் வினைமுற்றும் பொருந்தாத இயைபுப் பிழையும் அப்போதே கண்ணில் படும்.

செல்பேசி வேண்டாம். ஆங்கில எழுத்தில் தட்டும் விசைப்பலகை சரியான சொல்லைத் தானே நீட்டும். ர-ற வேறுபாடு கைக்குப் பழகவே பழகாது. தேர்வும் தாளில்தான். 'வாணி' பிழைதிருத்தியைக் கையால் திருத்தி முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ச்சொற்களையும் பிழை என்று காட்டும், பயப்பட வேண்டாம்.

நெடில்குறில்:
வாரத்துக்கு ஒரு சுருக்கி வரைதலும் சேருங்கள். 150 சொல் நாளிதழ்ப் பத்தியை 50 ஆக்கணும். முதலில் எடுத்துக்காட்டுகளை அடிக்கட்டும், பிறகு அடைமொழிகளை. சொற்களை அங்கங்கே வெட்டி ஒட்டினால் வாக்கியம் உடையும்; மிச்சத்தை மூடி வைத்துவிட்டுச் சொந்த வாக்கியத்தில் எழுதணும். என்.ஐ.ஓ.எஸ். ஒப்படைப்புக்கு (டி.எம்.ஏ.) 20% மதிப்பெண் உண்டு, அதற்கும் இந்தப் பழக்கம் கை கொடுக்கும்.