147573952589676412927: காரணியே தெரியாமல் பகு எண் என்று சொன்னது எப்படி?

வணக்கம் நண்பர்களே. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டு எண்கணிதம் (மீதிகளை வைத்துச் செய்யும் கணக்கு) சொல்லிக்கொடுக்கும்போது ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டேன்.

தலைப்பில் உள்ள எண் 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 1644-இல் மெர்சென் என்ற கணித அறிஞர் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார். 1876-இல் லூகாஸ் அது தவறு என்று காட்டினார், ஆனால் ஒரு காரணியைக்கூடச் சொல்லவில்லை. 193707721 × 761838257287 என்று கோல் பெருக்கிக் காட்டியது 1903-இல்தான். இந்த 27 வருட இடைவெளிதான் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. "வகுக்காமலே எப்படித் தெரியும் சார்?" என்று விடாமல் கேட்கிறார்கள்.

2-இன் அடுக்கில் ஒன்று குறைவான எண் பகா எண்ணா என்று பார்க்கும் லூகாஸ் - லெஹ்மர் சோதனையைப் பலகையில் போட்டேன். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி எடுக்க வேண்டும்; அடுக்கு p என்றால் இப்படி p − 2 படிகள், கடைசியில் சுழியம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 31-க்கு (2⁵ − 1) 4, 14, 8, 0. சுழியம் வந்துவிட்டது, பகா எண். 127-க்கு (2⁷ − 1) 4, 14, 67, 42, 111, 0. அவர்களே போட்டுப் பார்த்துத் துள்ளினார்கள். 2047-க்கு (2¹¹ − 1) கடைசிப் படியான ஒன்பதாவது படியில் சுழியம் வராமல் 1736 நிற்கிறது. 2047 பகு எண்தான், 23 × 89.

சரி, சுழியம் வந்தால் பகா எண் என்பதற்கு 2+√3-ஐ வைத்து ஓரளவு விளக்கிவிடலாம். எனக்கு வேண்டியது மறுபக்கம்: பகா எண்ணாக இருந்தால் சுழியம் வந்தே தீரும் என்பது ஏன்? சுழியம் வராததால் 2⁶⁷ − 1 பகா எண் அல்ல என்று சொல்ல அதுதானே தேவை! வர்க்க எச்சம் (ஒரு வர்க்க எண்ணை வகுத்தால் வரும் மீதி) பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது. இந்த மறுபக்கத்தைச் சின்ன எண்களை வைத்துப் புரியவைக்க வழி உண்டா? வகுப்பில் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், படிப்படியாக எழுதினால் இன்னும் நல்லது.