புதுப்பிப்பு: தண்ணீரில் விழுந்தவரைப் படகுக்குள் தூக்குவது எப்படி (விடை கிடைத்தது)

போன மாதம் கேட்டிருந்தேன்: 30 அடி பாய்மரப் படகில் நானும் மனைவியும் மட்டும், 85 கிலோ உள்ள நான் விழுந்தால் 52 கிலோ உள்ள அவர் என்னை எப்படி ஏற்றுவார்? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சனிக்கிழமை காற்று ஓய்ந்த நேரத்தில் நங்கூரம் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு நானே குதித்தேன். ஏணி சரிப்படவில்லை, நனைந்த உடையோடு காலைத் தூக்கவே முடியவில்லை. பாய் ஏற்றும் கயிற்றை நேராக வின்ச்சில் (கைப்பிடியால் சுற்றிக் கயிறு இழுக்கும் உருளை) சுற்றி இழுத்ததில் இடுப்பு வரைதான் வெளியே வந்தேன். கைகொடுத்தது "நாலு மடிப்புக் கப்பி போடுங்கள்" என்ற யோசனைதான் (மேலும் கீழும் கப்பி வைத்துக் கயிற்றை நாலு மடிப்பாக ஓட்டினால் சுமார் கால் பங்கு பலம் போதும்): அக்குளுக்கடியில் பட்டை, அதற்கு மேல் கப்பி, அதன் கயிற்று நுனி வின்ச்சுக்கு.

எதிர்பாராதது ஒன்று. முதல் தடவை மேல் கப்பியும் கீழ்க் கப்பியும் முட்டிக்கொண்டன, நான் படகோரத்துக் கம்பி வேலிக்குக் கீழே தொங்குகிறேன், அவர் சிரிக்கிறார். மேல் கப்பியைத் தளத்திலிருந்து 3 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிய பிறகுதான் வேலி தாண்டினேன். அப்புறம், தொடைப்பட்டையை மாட்டாததால் லைஃப் ஜாக்கெட் மூக்கு வரை ஏறிவிட்டது. குளிர்நீரில் நெடுநேரம் கிடந்தவரை நிமிர்த்தித் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென இறங்கலாம் என்பதால் படுத்த வாக்கில் தூக்க முழங்காலுக்கடியில் போட இரண்டாவது பட்டையும் வாங்கிவிட்டேன், அதை இன்னும் சோதிக்கவில்லை.