கொரோனா ஊரடங்கு: இன்னும் மனதைவிட்டுப் போகாத ஒரு கலைஞர், ஒரு பணியாளர் – உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

செய்யாற்றுக்காரி:

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் (மகாபாரதத் திருவிழா) வைத்தால் பகலில் பிரசங்கம், பத்து ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் விழுகிற படுகளம், சாயங்காலம் தீமிதி. வட தமிழ்நாட்டு ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2020 மாசியிலேயே ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, வெற்றிலை பாக்கு வைத்து 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மார்ச் 25 ஊரடங்கு வந்தது. சித்திரையில் வைக்க வேண்டிய பாரதம் நின்றுபோனது.

வைகாசியில் ஒரு மத்தியானம் கூத்து வாத்தியார் டிவிஎஸ் பிஃப்டியில் வந்து இறங்கினார். துரியோதனன் வேஷம் கட்டுகிறவர். சின்ன வயதில் அவர் கிரீடமும் புஜக்கட்டையுமாகத் திரையை விலக்கிக்கொண்டு வந்தால் நான் அம்மா முந்தானைக்குள் போய்விடுவேன். அன்றைக்கு வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். திண்ணையில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். 3,500 ரூபாய். சில நோட்டுகளின் ஓரத்தில் அரிதாரச் சிவப்பு ஏறியிருந்தது.

"மிச்சத்த பசங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டேங்க ஐயா. ஆடாத கூத்துக்கு வாங்கின காசு வீட்டுல இருந்தா தூக்கம் வரல. பாக்கிய அடுத்த வருஷக் கூத்துல கழிச்சுக்குங்க" என்றார்.

அப்பாதான் கோயில் பொருளாளர். இரண்டு தடவை எண்ணினார். நோட்டில் எழுதினார். "சரி வாத்தியாரே, பாத்துப் போங்க" என்றார். அவ்வளவுதான். பங்குனி முதல் ஆடி வரை ஆடிச் சேர்ப்பதில்தான் ஜமாவில் இருக்கிற பதினைந்து குடும்பமும் வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் உள்ளே நடையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த மாதம் முழுச் சம்பளமும் வந்திருந்தது. "வேண்டாம் வாத்தியாரே, நீங்களே வச்சுக்குங்க" என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. வண்டி தெருமுனை திரும்புகிறவரை சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாற்றங்கால்:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

நான் கும்பகோணம் பக்கம். அப்போது நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தேன். தளர்வு கொடுத்து வேலை தொடங்கியதும் வழக்கமாக வராத ஆட்களெல்லாம் வந்தார்கள். அதில் ஒருவர் தவில் வித்வான். கோயில், கல்யாணம், காதுகுத்து எல்லாம் நின்றுபோன நேரம். சித்திரை, வைகாசி முகூர்த்தத்தை நம்பித்தான் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன.

வாய்க்கால் தூர்வாருகிற வேலை. மண்வெட்டியைப் பிடிப்பதற்கு முன்னால் மரத்தடியில் உட்கார்ந்து பழைய வேட்டியைக் கிழித்து, வலது கையில் ஒவ்வொரு விரலாகச் சுற்றிக்கொண்டிருந்தார். தவில் வாசிக்கும்போது கூடு (கெட்டியான விரல் உறை) மாட்டுகிற அதே விரல்கள், அதே வரிசை. சுற்றி முடித்ததும் விரல்களை ஒரு தடவை காற்றில் தட்டிப் பார்த்தார். அந்தத் தட்டலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "வெரல் கெட்டுப்போச்சுன்னா நாளைக்கு மேளத்துக்குக் கூப்டா என்னம்மா செய்யறது?" என்று கேட்டார்.

நான் அவரைத் தண்ணீர் கொடுக்கிற வேலைக்கு மாற்றினேன். மறுநாளே பேச்சு வந்தது. "எங்களுக்கு மட்டும் கை இல்லையா?" என்று இரண்டு பெண்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். எல்லோருக்கும் அதே 256 ரூபாய் கூலி. மூன்றாம் நாள் அவரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். அந்த வாரத்துக்கு அப்புறம் அவர் வேலைக்கு வரவில்லை. நானும் போய் விசாரிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:

முதல் பதிவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அப்பாமேல் பழி போடாதீர்கள். கோயில் பணம் ஊர்ப் பணம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு வசூல் செய்த காசை ஒரு பொருளாளர் தன் இஷ்டத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. நாளைக்கு ஊர்க்கூட்டத்தில் ஒருவன் எழுந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கொடுக்க நினைத்திருந்தால் உங்கள் சம்பளத்திலிருந்து நீங்கள் கொடுத்திருக்கலாம். அதைத்தான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், சரி.

என் அனுபவம் சின்னது. எங்கள் தெருவில் கரகம் ஆடுகிற அம்மா ஒருவர் கலைஞர்கள் நல வாரிய உறுப்பினர் அட்டையோடு வந்தார். 2020-இல் நல வாரியத்தில் பதிந்த கலைஞர்களுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்களே, அது தனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். அட்டையை வாங்கிப் பார்த்தேன். தலையில் கரகத்தோடு எடுத்த பழைய போட்டோவை ஒட்டியிருந்தார், அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அட்டை புதுப்பிக்காமல் காலாவதியாகியிருந்தது. எந்த அலுவலகமும் திறந்திருக்கவில்லை. நான் அதைச் சொன்னதும் அட்டையைத் துடைத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதனால் இங்கே இருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். உங்கள் ஊரில் கலைஞர் யாராவது இருந்தால் முதலில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 2007-இல் வந்த வாரியம் இது. பதிந்திருந்தால் மட்டும் போதாது, அட்டை நடப்பில் இருக்கிறதா என்று நீங்களே வாங்கிப் பாருங்கள். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றுபோல இருக்க வேண்டும். கலைஞர்களுக்கு மேடைப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று இருக்கும். பாதிப் பேருக்கு இதில்தான் சிக்கல். வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், பல வருஷம் போட்டு எடுக்காத கணக்கு முடங்கியிருக்கும். ஊர்த் திருவிழா நோட்டீஸில் அவர்கள் பெயர் அச்சானால் ஒரு பிரதி எடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். முப்பது வருஷம் ஆடியவரிடம் ஆடினதுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. வயதாகி ஆட முடியாமல் போனவர்களுக்கு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக மாத உதவித்தொகை இருக்கிறது, அதற்கும் எழுதிப் போடுங்கள். இரக்கப்பட்டு நூறு ரூபாய் கொடுப்பதைவிட ஒரு விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் நிரப்பிக் கொடுப்பது பெரிய உதவி. இதை அந்த அம்மாவுக்கு 2019-இலேயே நான் செய்திருக்க வேண்டும்.

அடையாறு வாசி:

கலைஞர் கதை என்னிடம் இல்லை. தலைப்பில் பணியாளர் என்றும் இருப்பதால் எழுதுகிறேன்.

2020 மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் அடுக்ககத்தில் எல்லோரும் பால்கனியில் நின்று தட்டைத் தட்டினோம். மறுநாள் காலையில் குப்பை வாங்க வந்த அம்மா என்னிடம், "நேத்து எதுக்குண்ணா எல்லாரும் தட்டுனீங்க?" என்று கேட்டார். உங்களுக்காகத்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஏதோ சொல்லி வைத்தேன்.

ஏப்ரலில் குடியிருப்போர் சங்கத்தில் முடிவு செய்து, அவருக்கும் இன்னும் மூன்று பேருக்கும் கேட்டருகே மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஐந்து கிலோ அரிசி கொடுத்தோம். போட்டோ எடுத்தோம். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அவர் மாலையைக் கழற்றித் தள்ளுவண்டிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, மெதுவாக என் பக்கம் வந்தார். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. பெரும்பாக்கத்துலேருந்து விடிய நாலு மணிக்குக் கிளம்பறோம். டீக்கடை, ஓட்டல் எதுவும் தொறக்கல. பாத்ரூம் போக எடமே இல்ல. வாட்ச்மேன் ரூம் பக்கத்துல இருக்கறதக் கொஞ்சம் தொறந்து விடுவீங்களா?"

சங்கத்தில் கேட்டேன். நோய் பரவிவிடும் என்று மறுத்துவிட்டார்கள். ஒருத்தரும் ஆதரவாகப் பேசவில்லை. மறுநாள் அவரிடம் போய் "முடியாதுன்னு சொல்லிட்டாங்கம்மா" என்று சொன்னபோது, "பரவால்லண்ணா, தண்ணி குடிக்காம இருந்துக்கறோம்" என்றார். அந்த வெயிலில். என் வீடு தரைத்தளம்தான். பின்பக்கம் தனிக் கழிப்பறை இருக்கிறது, அதற்கு வெளியே தனிக் கதவும் உண்டு. அதைத் திறந்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே ஒரு வருஷம் கழித்துத்தான். அதற்குள் அவரை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டார்கள்.

நாஞ்சில் மனசு:

கணக்குப்பிள்ளை அண்ணாச்சி சொன்னதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அட்டை, விண்ணப்பம் எல்லாம் வேண்டும்தான். ஆனால் ஒரு கலைஞனுக்கு அந்த நேரத்தில் ஆயிரம் ரூபாயைவிட ஆடவும் பாடவும் ஒரு இடம் கிடைத்திருந்தால் அதுதான் பெரிதாக இருந்திருக்கும். வாத்தியார் ஏன் காசைத் திருப்பிக் கொண்டுவந்தார் என்று இங்கே யாருமே கேட்கவில்லை. ஆடாத கூத்துக்குக் காசு வேண்டாம் என்கிறார். அவரிடம் போய் "வச்சுக்குங்க" என்று சொல்லியிருந்தால் மட்டும் வாங்கியிருப்பாரா? "இந்தப் பணத்துக்கு எங்க வீட்டு முற்றத்துல கர்ண மோட்சம் ஒரு மணி நேரம் பாடுங்க" என்று கேட்டிருந்தால் வாங்கியிருப்பார்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். 2020 ஆடியில் எங்கள் குடும்பக் கோயிலில் கொடை (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா) இல்லை. சித்தப்பா, மாமா எல்லாம் வளைகுடாவில். எங்களுக்குத் தலைமுறையாகப் பாடுகிற வில்லுப்பாட்டு ஆசானிடம் போய், வீட்டிலிருந்தே போனில் நேரலையாகப் பாடுங்கள், கொடைக்குத் தருகிற அதே தொகை என்று சொன்னோம். தயங்கினார், அப்புறம் ஒத்துக்கொண்டார். குடம் அடிக்கிறவர் அடைக்கப்பட்ட தெருவில் மாட்டிக்கொண்டார். உடுக்கைக்காரருக்குக் காய்ச்சல். ஆசான் மட்டும் தனியாக, வில்லை இரண்டு பலகைமேல் வைத்து, வில்லின் நாணில் அடிக்கிற வீசுகோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும், ஆசான் ஒரு அடி சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" போட வேண்டும். அது இல்லாமல் கதை நகராது. அவர் முதல் அடி சொல்லிவிட்டு, பழக்கத்தில் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. இங்கே நாங்கள் முப்பது நாற்பது பேர் ஆளுக்கொரு போனில் பார்த்துக்கொண்டிருக்கிறோம், யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டாவது அடிக்கும் திரும்பினார். அப்போது அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் குரல், சத்தமாக, "ஆமா!" என்றது. அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் அந்த அம்மாள் ஒரு அடி விடாமல் ஆமா போட்டார். கடைசி வரை படத்தில் வரவேயில்லை. பஹ்ரைனில் சித்தப்பா அழுதுவிட்டார்.

எனக்கு உறுத்துவது இதுதான்: பணம் அனுப்பியபோது ஆசான் ஒருவர் பங்கை மட்டும் அனுப்பினோம். குடம், உடுக்கை, ஜால்ரா யாரும் வரவில்லை என்று கணக்குப் போட்டுவிட்டோம். பேசினது முழுத் தொகை. அவர் எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாளுக்கு என்று தனியாக ஒரு ரூபாயும் போகவில்லை.

அதனால் இனிமேல் யாராவது இப்படி ஏற்பாடு செய்தால், முன்னாடியே முழுக் குழுவுக்கும் பேசிய தொகையைக் கொடுத்துவிடுங்கள். பாதிப் பணம் நிகழ்ச்சிக்கு முந்தின நாளே கையில் போகட்டும். பதிவு செய்த வீடியோவைக் கலைஞரிடம் கேட்காமல் எங்கும் ஏற்றாதீர்கள்.

செய்யாற்றுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை சார், அப்பாவைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். அவரைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. நாஞ்சில் அண்ணன் சொன்ன மாதிரி முற்றத்தில் பாடச் சொல்லிக் கேட்கலாம் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை. முற்றம் பெரியது.

நேற்று ராத்திரி அந்தக் கோயில் நோட்டைத் தேடி எடுத்தேன். அப்பாவின் கையெழுத்தில் "கூத்து முன்பணம் வரவு 3,500, பாக்கி 6,500" என்று இருக்கிறது. 2021-இலும் இரண்டாவது அலையில் பாரதம் நடக்கவில்லை. 2022-இல் அதே ஜமா வந்து ஆடியது. அந்தப் பக்கத்தைப் பார்த்தால் பேசிய தொகையில் 6,500 கழித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் வாத்தியார் கையெழுத்து.

இப்போது அவருக்கு முடியவில்லை, மகன்தான் துரியோதனன் கட்டுகிறான். வருகிற மாசியில் வெற்றிலை பாக்கு வைக்கப் போகும்போது நானும் வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். 6,500 தனியாக எடுத்து வைத்துவிட்டேன். எந்தக் கதையைப் பாடச் சொல்லிக் கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாத்தியார் உட்கார்ந்தபடியே பாடக்கூடியதாக இருக்க வேண்டும்.