பிஎக்ஸ்இ மெனு: மூன்றே நொடியில் இன்ஸ்டால் ஓடிவிட்டது, உதவி தேவை

லேப்_உதவியாளன்:
அண்ணன்மாரே, ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். 40 மெஷின். பென்டிரைவோடு ஒவ்வொன்றாகப் போய் டெபியன் லினக்ஸ் போட்டால் வாரம் முழுக்கப் போய்விடும் என்று, பழைய மெஷின் ஒன்றில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சர்வர் மென்பொருளைப் போட்டு நெட்வொர்க் பூட் (பிஎக்ஸ்இ: டிஸ்குக்குப் பதில் நெட்வொர்க் வழியாக மெஷினை எழுப்புவது) அமைத்தேன். லேபுக்கு ஐபி கொடுப்பதும் அதுதான். அப்படி எழும் மெஷினில் மெனு காட்டுவது பிஎக்ஸ்இலினக்ஸ், அதன் மெனுவில் இரண்டே வரி. முதல் வரி, கேள்விகளுக்கு முன்பே பதில் எழுதிவைத்த பிரிசீட் கோப்போடு ஆள் தொடாமலே டெபியன் ஏறுவது. இரண்டாவது, ஹார்ட் டிஸ்கிலிருந்து பூட். யாரும் தொடாவிட்டால் முதல் வரி தானாக ஓடும்; அதுவரை காத்திருக்கும் நேரமான டைம்அவுட்டுக்கு 30 கொடுத்தேன். முப்பது நொடிக்குள் பிள்ளைகள் இரண்டாவது வரிக்குப் போய்விடுவார்கள் என்று நம்பினேன்.

நேற்று முதல் பீரியடில் ஆறு பேர் ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பையை வைக்கப் போனார்கள். வந்து உட்காரும்போது ஆறு திரையிலும் இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மெஷினில் இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் புராஜெக்ட் இருந்தது, வேறு காப்பி இல்லை. அவள் அழுதது கண்ணிலேயே நிற்கிறது. ராத்திரி தூங்கவில்லை.

இன்னொன்று: புதிதாக வந்த 16 மெஷினில் மெனுவே வருவதில்லை. 'என்பிபி ஃபைல் டவுன்லோடட்' (பூட் கோப்பு இறங்கியது) என்று காட்டிவிட்டு பயாஸ் திரைக்கே திரும்பிவிடுகிறது.

பழைய_சர்வர்:
தம்பி, மெனுவை அப்புறம் பார்க்கலாம். அந்தப் பொண்ணோட மெஷினை உடனே அணை, இனி ஆன் பண்ணவே கூடாது. டிஸ்கைக் கழற்றி வேறு லினக்ஸ் மெஷினில் மாட்டி, முதலில் முழு டிஸ்கையும் அப்படியே ஒரே கோப்பாக, இமேஜாக எடு. பிறகு அந்த இமேஜில், அழிந்த கோப்புகளை மீட்கும் போட்டோரெக் ஓட்டு. சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் மேலெழுதாத இடத்தில் இருப்பது கிடைக்கும். எஸ்எஸ்டி என்றால் கஷ்டம், ஃபார்மட் பண்ணும்போதே பழைய பிளாக்குகளைக் காலி என்று டிஸ்குக்குச் சொல்லிவிடும்.

நெட்பூட்_பிரியன்:
சகோ, பிஎக்ஸ்இலினக்ஸில் டைம்அவுட் நொடிக் கணக்கில் இல்லை, நொடியில் பத்தில் ஒரு பங்கு. 30 என்றால் மூன்றே நொடி. முப்பது நொடிக்கு 300 போட வேண்டும்.

ஆனால் 300 போட்டால் மட்டும் தீராது. யாரும் தொடாத மெஷின் தன் டிஸ்கிலிருந்துதான் எழ வேண்டும், அழிக்கிற வேலை எதுவும் தானாகத் தொடங்கக் கூடாது. இப்படிச் செய்யுங்கள். பிஎக்ஸ்இலினக்ஸ் தன் கான்ஃபிக் கோப்பை வரிசையாகத் தேடும்: முதலில் மெஷினின் தனி அடையாள எண்ணான யுயுஐடி பெயரில், பிறகு நெட்வொர்க் கார்டின் எண்ணான மேக் அட்ரஸ் பெயரில், பிறகு ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) எழுதிய ஐபி, அதையும் ஒவ்வோர் எழுத்தாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில்தான் 'டிஃபால்ட்'. அந்த டிஃபால்ட் கோப்பில் லோக்கல் பூட் ஒன்றே இருக்கட்டும். இன்ஸ்டால் மெனுவைத் தனிக் கோப்பாக வைத்து, எந்த மெஷினுக்கு இன்று போட வேண்டுமோ அதன் மேக் பெயரில் லிங்க் கொடுங்கள். பெயருக்கு முன்னால் 01, ஒரு சிறு கோடு, பிறகு மேக். எழுத்தெல்லாம் சின்ன எழுத்து, நடுவில் கோலனுக்குப் பதில் சிறு கோடு. ஏறி முடிந்ததும் லிங்கை எடுத்துவிடுங்கள்.

புது மெஷின்கள் யுஇஎஃப்ஐ, அதாவது பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த பூட் முறை. நீங்கள் அனுப்புவது பயாஸுக்கான கோப்பு, அதனால்தான் இறங்கியும் ஓடவில்லை. மெஷின் ஐபி கேட்கும்போதே டிஎச்சிபி (ஐபி கொடுக்கும் முறை) ஆப்ஷன் 93-ல் தன் வகையைச் சொல்லும்: பயாஸ் என்றால் 0, 64 பிட் யுஇஎஃப்ஐ என்றால் 7. டிஎன்எஸ்மாஸ்கில் 7 என்று சொல்லும் மெஷின்களுக்கு ஒரு டேக் (அடையாளப் பெயர்) வைத்து, அவற்றுக்கு டெபியன் நெட்பூட் தொகுப்பில் உள்ள கிரப் என்ற பூட் மெனு நிரலின் கோப்பை அனுப்புங்கள். கிரப் மெனு தனி, அதற்கும் டிஃபால்ட்டை மாற்ற மறக்காதீர்கள். கிரப்பில் டைம்அவுட் நொடிக் கணக்குதான்.

லேப்_உதவியாளன்:
அண்ணே, சகோ, இருவருக்கும் நன்றி. டிஃபால்ட்டில் லோக்கல் பூட் மட்டும் வைத்து, 24 பழைய மெஷினையும் மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் டிஸ்கிலிருந்தே எழுந்தன. புதிய 16-ல் 14 மெஷினில் கிரப் மெனு வருகிறது. வேறு மாடலாக வந்த இரண்டு மட்டும் இன்னும் அடம்பிடிக்கின்றன.

அந்த மாணவியின் மெஷினில் இருந்தது ஹார்ட் டிஸ்க்தான். போட்டோரெக் ஜாவா கோப்புகளையும் ரிப்போர்ட்டையும் மீட்டது, ஆனால் கோப்புப் பெயர்கள் போய்விட்டன. மதியத்திலிருந்து அவளும் நானும் ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நெட்பூட்_பிரியன்:
அந்த இரண்டும் 7-க்குப் பதில் 9 அனுப்பலாம். டிஎன்எஸ்மாஸ்கில் டிஎச்சிபி லாகை ஆன் பண்ணிப் பாருங்கள். 9 என்று வந்தால் அதே டேகை அதற்கும் கொடுங்கள்.